பாதி சிவப்பு

பதினோராம் தவணை.
உரும்பிராயில் ஏழரை மினிபஸ்.
பைக்குள் பைல், பைலுக்குள் நீர்:
ஆறு கடதாசி, இரண்டு படம்,
பிரேத அறைக்குக் கட்டிய ஒரு பற்றுச்சீட்டு.

கம்பனியின் லோயர் கொழும்பிலிருந்து இரவு ரெயினில் வந்தவர்.
நித்திரை காணாத கண், மரியாதையான குரல்.
மகேந்திரம் சுகிர்தன் என்ற பேரில்
தங்களிடம் ஒருவரும் வேலை செய்யவில்லை என்கிறார்.
போன் ரவருக்குப் பெயின்ற் அடிக்கிற வேலையைக்
கம்பனி இன்னொரு கம்பனிக்குக் கொடுத்தது,
அது வவுனியாவில் ஒருவருக்குக் கொடுத்தது,
அவர், நம்பர் மட்டும் உள்ள ஒருவருக்கு.
அந்த நம்பர் இப்போது பாவனையில் இல்லை.

ஆக, ஏறியது ஒருவருமில்லை.
விழுந்ததும் ஒருவருமில்லை.
அந்த ஒருவருமில்லாதவரைத்தான்
இடது பெருவிரல் நகத்தில் காய்ந்திருந்த சிவப்பை வைத்து
நான் அடையாளம் காட்டினேன்.

முதல்நாள் இரவு சோறு போட்டுக்கொண்டு கேட்டேன்,
“பெல்ற் தந்தவங்களோ?”
“நாளைக்கு வருமாம்” என்றீர்.
மன்றில் இதைச் சொல்ல வாய் திறந்தேன்.
ஆட்சேபம். செவிவழிச் சாட்சியமாம்.
உம்முடைய கடைசிப் பேச்சு
என் செவியோடு நிற்கட்டும் என்று
நீதிபதி அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னார்.

எங்கட லோயர் கணக்குப் பார்க்கிறார்.
நாட்கூலி மூவாயிரம். வயது முப்பத்திநாலு.
அறுபதுவரை என்று வைப்பம், மழை நாட்களைக் கழிப்பம்.
கழியுங்கோ, ஐயா.
அவர் வீட்டில் நின்ற நாட்கள் அவை.

இடையில் ஒரு மத்தியானம்
மூன்றரை இலட்சத்துக்கு ஒரு காசோலை வந்தது,
மோட்டார்சைக்கிளில், ஒரு சின்னப் பெடியனிடம்.
உம்முடைய அண்ணர் வாங்கச் சொன்னார்.
கெட்டவரில்லை, பெட்டிக்குக் காசு கொடுத்தவர் அவர்.
“செத்தவன் வரப்போறானே? பிள்ளையைப் பார்.”
பெடியனுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.
கடதாசியை இரண்டுதரம் வாசித்தேன்.
‘மனிதாபிமான உதவி’ என்று போட்டிருந்தது.
உதவியெண்டால் நான் கேட்டிருக்கவேணும்.
பேனையை மூடி அவன்ர பொக்கற்றிலேயே வைத்துவிட்டேன்.
அண்ணர் அதுக்குப் பிறகு
படலைக்கு இங்கால வந்ததில்லை.

நீர் விழுந்த பிறகு ரவர் அப்படியே நின்றது.
கீழே பழைய வெளிறல்,
மேலே பளபளவென்று உம்முடைய சிவப்பு,
நீர் இறங்கி இறங்கி வந்து நின்ற இடத்தில்
ஒரு கோணல் கோடு.
மரக்கறி வாங்கப் போனாலும் தெரியும்,
மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனாலும் தெரியும்.
அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போய்
நனைந்த உடுப்போடு திரும்பி வந்தோம்.
மிச்சத்தை அடித்து முடித்திருந்தார்கள்.
அடித்தவர்களுக்குப் பெல்ற் இருந்ததாம்,
கடைக்காரர் சொன்னார்.

பின்வளவுப் பெடியன் ஆதித்தியன்
தைப்பொங்கலுக்குக் கட்டிய பட்டத்தைப்
போனில் படம் பிடித்திருக்கிறான், அந்தக் காலை.
முன்னால் வால் நீண்ட பட்டம்,
பின்னால் ரவர்,
ரவரில் ஒரு புள்ளி.
அதுதான் இன்றைக்குச் சான்று ஏழு.

“அம்மா, இந்தப் புள்ளி மனிதன் என்று
எப்படிச் சொல்கிறீர்கள்? காகமாகவும் இருக்கலாமே?”

“காகம் வாளி கொண்டு போகாது, ஐயா.”

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
நீதிபதி சிரிக்கவில்லை, படத்தைக் கிட்டப் பிடித்தார்,
கண்ணாடியைக் கழற்றிப் பிறகும் பார்த்தார்.
எழுதினார்.
என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.
ஆனால் பதினொரு தவணையில் முதற்தரமாக
அந்த அறையில் நீர் ஏறி நின்றீர்.

பின்னேரம் வீட்டில் அரிசி களைகிறேன்.
போன் கிணுங்குகிறது.
அடுத்த தவணை வைகாசி பதினெட்டு, ஒன்பது மணி,
லோயர் அனுப்பியிருக்கிறார்.
எங்கட வீட்டில் சிக்னலுக்குக் குறைவில்லை,
நாலு கோடும் நிறைந்து நிற்கும்.
ஈரக்கையைத் துடைத்துக் கலண்டரில் குறிக்கிறேன்,
காஸ் மாற்றிய திகதிகளை
நீர் குறித்து வைத்த அதே பென்சிலால்.